முதலில் பேசாத சர்வர்

இடமாற்ற இயக்ககத்தில் காகிதத்தை ஒழித்துவிட்டார்கள். ஒழித்ததற்கான ஆணை பதினான்கு பக்கம், நான்கு பிரதி. அரசு ஊழியர்கள் இனி மின்னஞ்சலில் மட்டுமே இடமாற்றம் கேட்க வேண்டும், அதற்கான கெடு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடியும், தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு மூன்று வருஷம் கழித்துத்தான் என்று அதன் கடைசிப் பக்கம் சொன்னது. அந்த மின்னஞ்சல்களை வாங்கிக்கொள்ள ஒரு சர்வர் வேண்டுமே என்பது திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு யாருக்கோ உறைத்தது.

சர்வரம்மாவைக் கூப்பிட்டார்கள்.

சர்வரம்மா என்பது அவளோடு வேலை செய்தவர்கள் வைத்த பெயர். ஒரு சின்ன கம்பெனியின் ஒப்பந்தத் தொழில்நுட்பக்காரி. பள்ளிக்கூடம், மருந்துக் கிடங்கு, பத்திரிகை அலுவலகம் என்று இதுவரை நாற்பது அஞ்சல் சர்வர்களை எழுப்பி உட்காரவைத்தவள். ஒரு சர்வருக்கு அரை நாள் போதும். ஆனால் இந்த அழைப்பு வந்ததும் காலைச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். அதற்குக் காரணம் இருந்தது.

அவள் தங்கை ஒரு நர்ஸ். பஸ்ஸில் எட்டு மணி நேரம் போகவேண்டிய ஊரில் வேலை. தங்கையின் நாலு வயது மகள் இங்கே சர்வரம்மா வீட்டில் வளர்கிறது. குழந்தையின் அப்பா கப்பல்காரர், வருஷத்துக்கு ஒரு முறைதான் கரை. இரண்டு மாதமாகக் குழந்தை பெரியம்மாவை "அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. பெற்றவளுக்கு "போன் அம்மா" என்று பெயர். போனில் முகம் தெரிந்ததும், "போன் அம்மா, சாப்டியா?" என்று கேட்டுவிட்டு ஓடிவிடும். தங்கை சிரிப்பாள். சிரித்து முடித்ததும் சிக்னல் அறுந்துபோகும். சிக்னல் எப்படியெல்லாம் அறுபடும் என்று சர்வரம்மாவுக்குத் தெரியாதா என்ன?

இந்த ஊர்க் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு நர்ஸ் இடம் காலியாக இருந்தது. தங்கையின் விண்ணப்பம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அந்தச் சர்வருக்குள் போயாக வேண்டும். சர்வர் இன்னும் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

பெட்டியைப் பிரித்துக்கொண்டே இயக்ககத்தின் கண்காணிப்பாளருக்கு விளக்கினாள். விளக்குவது அவளுக்குப் பிடிக்கும்.

"சார், அஞ்சல் சர்வர்னா ஒரே ஆள் இல்ல. மூணு ஜன்னல்ல மூணு பேர் உக்காந்திருக்கற மாதிரி. ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு நம்பர். இருபத்தஞ்சாம் நம்பர்ல வெளியூர் சர்வருங்க வந்து கடிதம் குடுக்கும். ஐந்நூத்தி எண்பத்தேழுல நம்ம ஆபீஸ்காரங்க வெளிய அனுப்பறதைக் குடுப்பாங்க. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி மூணுல வந்ததை எடுத்துப் படிப்பாங்க. அப்புறம் உலகத்துக்கே பொதுவா ஒரு பெயர்ப் புத்தகம் இருக்கு. 'இயக்ககத்துக்கு வர்ற கடிதமெல்லாம் இந்த மெஷினுக்கு'ன்னு அதுல ஒரு வரி எழுதணும். அவ்வளவுதான்."

"மூணு ஜன்னல்லயும் யாரு?"

"யாரும் இல்ல சார், புரோகிராம்தான். காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்."

"எத்தனை மணி வரைக்கும்?"

"எப்பவும்."

"லீவு?"

"கிடையாது."

"மத்தியானச் சாப்பாடு?"

"கிடையாது சார்."

கண்காணிப்பாளரின் முகம் கறுத்தது. "அப்ப இத்தனை வருஷமா ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் சாப்பிடப் போனோமே, நாங்கல்லாம் என்ன சோம்பேறிங்களா?"

அவர் வருகைப் பதிவேட்டை எடுத்து, கடைசி ஊழியரின் பெயருக்குக் கீழே 25, 587, 993 என்று மூன்று புதிய வரிகள் போட்டார். கையெழுத்துப் போட மூன்றுக்கும் கையில்லாததால் சர்வரம்மாவே தினமும் போட வேண்டும் என்று முடிவாயிற்று. ஒன்றிலிருந்து இரண்டு வரை ஜன்னல்கள் மூடும். மாலை ஐந்துக்கும் மூடும். மூன்றில் ஏதாவது ஒன்று பத்தே காலுக்கு மேல் வந்தால் அரை நாள் விடுப்பு.

சர்வரம்மா ஒத்துக்கொண்டாள். கடிதம் கொண்டுவரும் சர்வர்கள் பொறுமைசாலிகள் என்பது அவளுக்குத் தெரியும். ஜன்னல் மூடியிருந்தால் திட்டாது. போய்விட்டுக் கால் மணியில் திரும்ப வரும்; அப்புறம் அரை மணியில் வரும்; நாலைந்து நாள் வரை சலிக்காமல் வந்துகொண்டே இருக்கும். வரிசையில் நின்று பழகிய மனுஷருக்குக்கூட அத்தனை பொறுமை வராது.

மத்தியானம் மூன்று மணிக்கு எல்லாம் தயார். தொடங்கிவைக்க இயக்குநர் வந்தார். நடு மண்டையில் ஒரு முடிகூட இல்லாத, ஆனால் ஓரத்து முடிகளை அதன்மேல் மிகுந்த நிர்வாகத் திறமையோடு பரப்பியிருந்த மனிதர். சர்வரம்மா ஒரு சோதனைக் கடிதத்தை அனுப்பி, திரையில் நடப்பதை வரிக்கு வரி காட்டினாள்.

"பாருங்க சார், வெளியூர் சர்வர் வந்து கதவைத் தட்டுது. நம்ம சர்வர், 'வணக்கம், நான் இடமாற்ற இயக்கக சர்வர், தயாரா இருக்கேன்'னு சொல்லுது. உடனே அது, 'வணக்கம், நான் இன்னார்'ங்குது. நம்மது 'சரி, சொல்லு'ங்குது. அது..."

"நில்லு," என்றார் இயக்குநர். "யார் முதல்ல பேசினது?"

"நம்ம சர்வர் சார்."

கண்காணிப்பாளர் தன் செருப்பைப் பார்த்தார்.

"ஏம்மா, நான் இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். இதுவரைக்கும் ஒரு மனுதாரருக்கு நான் முதல்ல வணக்கம் சொன்னது கிடையாது. அவன் சொல்வான். நான் நிமிர மாட்டேன். ரெண்டாம் தடவை சொல்வான். அப்பதான் நிமிர்ந்து பார்ப்பேன், அதுவும் அவனை இல்ல, அவனுக்குப் பின்னாடி இருக்கற சுவரை. இதுக்குப் பேர்தான் நிர்வாகம். நேத்து வந்த மெஷின், ஊர் பேர் தெரியாத எவனுக்கோ எழுந்து நின்னு வணக்கம் சொல்லுது!"

"சார், அது உலகம் பூரா இருக்கற முறை. வீட்டுக்கு யாராவது வந்தா உள்ள இருக்கறவங்கதானே முதல்ல 'வாங்க'ன்னு சொல்றோம்? வந்தவங்க வாசல்ல காத்திருப்பாங்க. நாம வாங்கன்னா வருவாங்க. இல்லாட்டி..."

"உன் வீட்டுக்கு யார் வேணா வரலாம்மா. இது இயக்ககம்." பிறகு சந்தேகத்தோடு கேட்டார். "நாம வெளிய கடிதம் அனுப்பறப்ப யார் முதல்ல பேசுவாங்க?"

"அப்ப அவங்க சர்வர்தான் முதல்ல பேசும்."

"ம். அந்த விதி சரியா இருக்கு. அதை மாத்தாதே."

நாலு மணிக்குச் சுற்றறிக்கை வந்தது. இயக்ககத்தின் சர்வர் எந்தச் சூழ்நிலையிலும் முதலில் பேசக் கூடாது. வந்தவர் பேசிய பிறகே பதில் சொல்ல வேண்டும். இருபத்தைந்தாம் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன புரோகிராமைக் காவல் வைக்கச் சொன்னார்கள், எதிராளி வாய் திறக்கும் வரை வாய் திறக்காதபடி. சர்வரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அதை எழுதிக் கொடுத்தாள். கண்காணிப்பாளர் கடவுச்சொல்லை உறையிலிட்டு, அரக்கு வைத்து, இரும்பு பீரோவில் பூட்டினார். இனி ஒரு புள்ளியை மாற்றவும் இயக்குநரின் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை வரை தினமும் வந்து மூன்று எண்களுக்கும் கையெழுத்துப் போடுவது மட்டும் சர்வரம்மாவின் வேலை.

செவ்வாய்க்கிழமை அவள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைவிட வேதனையான காட்சியை அவள் தொழிலில் கண்டதில்லை. ஊர் ஊராகச் சர்வர்கள் வந்தன. கதவைத் தட்டின. உள்ளே இருப்பவர் வணக்கம் சொல்லட்டும் என்று மரியாதையாக நின்றன. உள்ளே இருப்பவர், வந்தவர் சொல்லட்டும் என்று விறைப்பாக இருந்தார். ஒரு நிமிஷம். இரண்டு. ஐந்தாவது நிமிஷம் முடிந்ததும் வந்தவை சத்தமில்லாமல் திரும்பிப் போயின. கால் மணியில் மறுபடி வந்தன.

கண்காணிப்பாளர் கைக்கடிகாரத்தோடு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "பேசல," என்றார் முதல் முறை. "பேசல, சபாஷ்," என்றார் இரண்டாம் முறை. மத்தியானத்துக்குள், "நம்ம ஆளுங்கள்லயே இவன் ஒருத்தன்தான் சொன்னபடி கேக்கறான்," என்று நெகிழ்ந்துபோனார்.

தங்கை போன் செய்தாள். "அக்கா, நேத்தே அனுப்பிட்டேன். இன்னிக்கு 'தாமதமாகுது, மறுபடி முயற்சி பண்றோம்'னு வந்திருக்கு. என்னக்கா தப்பு பண்ணேன்?"

"நீ ஒரு தப்பும் பண்ணலடி. உன் கடிதம் வாசல்லதான் நிக்குது. மரியாதை தெரிஞ்ச கடிதம். அதான் பிரச்சினை."

தாளில் எழுதித் தந்தால் வாங்கிக்கொள்வார்களா என்று உள்வரவு எழுத்தரிடம் கேட்டுப் பார்த்தாள். முப்பத்தொரு வருஷமாக வரும் ஒவ்வொரு தாளிலும் 'பெறப்பட்டது' முத்திரை குத்தியவர். எல்லோரும் அவரை முத்திரைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். மை காய்ந்துபோன பஞ்சுப் பெட்டியை வெறித்துக்கொண்டிருந்தார்.

"தாள் ஒழிஞ்சுபோச்சும்மா," என்றார் துக்க வீட்டுக் குரலில். "வாங்கினா என் வேலை போயிடும். வாங்காமலும் போயிடும்போல இருக்கு."

புதன்கிழமை பதினொன்றரைக்கு முதல் மின்னஞ்சல் வந்தது. அலுவலகமே எழுந்து நின்றது. முத்திரைக்காரர் அதை அச்செடுத்து, முத்திரை குத்தி, எண் ஒன்று என்று பதிந்தார்.

"காகிதம் ஒழிஞ்சதுன்னீங்களே?" என்றாள் சர்வரம்மா.

"வெளியிலேர்ந்து வர்ற காகிதம்தாம்மா ஒழிஞ்சது. உள்ள அச்செடுக்கறது வேற."

அவள் எட்டிப் பார்த்தாள். 'வழுக்கையா? கவலை வேண்டாம்! இருபத்தைந்து ஆண்டு அனுபவம் வாய்ந்த எங்கள் கூந்தல் தைலம்...' என்று தொடங்கியது விண்ணப்பம் எண் ஒன்று.

அடுத்த மணி நேரத்தில் முப்பது வந்தன. பரிசுச் சீட்டு, எடை குறைக்கும் மாத்திரை, மறுபடி தைலம். காரணம் அவளுக்கு உடனே விளங்கியது. குப்பைக் கடிதம் அனுப்பும் புரோகிராம்களுக்கு ஒரு நாளைக்கு லட்சம் கதவு தட்ட வேண்டும். வணக்கத்துக்கெல்லாம் காத்திருக்க நேரமேது? கதவு திறக்கிற கணத்திலேயே கத்திக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். அதனால்தான் உலகத்து நல்ல சர்வர்களெல்லாம் வணக்கம் சொல்லுமுன் பேசுகிறவனை அயோக்கியன் என்று அடையாளம் கண்டு துரத்துகின்றன. இந்த ஒரு சர்வர் மட்டும் அயோக்கியனுக்குக் கதவைத் திறந்து, யோக்கியனை வாசலில் நிறுத்தியிருந்தது.

வியாழக்கிழமை இயக்குநரிடம் போய் இதையே விளக்கினாள். பொறுமையாக, இரண்டு முறை, ஒரு தாளில் படம் போட்டு. அவர் படத்தைத் திருப்பிவைத்துவிட்டுத் தைலக் கடிதத்தை எடுத்தார்.

"இவரைப் பாரு. வந்தவுடனே அவராத்தான் முதல்ல பேசியிருக்கார். நம்ம கஷ்டம் என்னன்னு கேட்டிருக்கார். பணிவு. மத்தவங்க அஞ்சு நிமிஷம் ஊமை மாதிரி நின்னுட்டுப் போயிருக்காங்க. வாயைத் திறந்து வணக்கம் சொல்லத் தெரியாதவனுக்கு எதுக்கும்மா இடமாற்றம்?"

"சார், அது ஆளே இல்ல. தைலம்."

"இயக்ககம் யாரையும் தொழிலை வெச்சு எடை போடாது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு மாடியில் பாராட்டுக் கூட்டம். "ஐந்தே நாளில் முந்நூற்றுப் பதினொரு விண்ணப்பங்கள்!" என்று இயக்குநரின் குரல் ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. கீழே தாழ்வாரத்துப் பெஞ்சில் சர்வரம்மா தன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அயோக்கியன் உள்ளே போகலாம் என்றால், அரை மணி நேரம் அயோக்கியனாக இருந்தால் என்ன?

அஞ்சல் சர்வரோடு பேச இன்னொரு சர்வர்தான் வேண்டும் என்பதில்லை. அது பேசுவது சாதாரண எழுத்து. மனுஷரே நேராக இருபத்தைந்தாம் எண்ணைக் கூப்பிட்டு, வரி வரியாகத் தட்டலாம். ஒரே சிக்கல், அடித்துத் திருத்த முடியாது. ஒரு எழுத்து தவறினால் 'புரியவில்லை' என்று அந்த வரியைத் தள்ளிவிடும்.

தங்கையைப் போனில் பிடித்தாள். "உன் ஊழியர் எண்ணை மெதுவா சொல்லு. விண்ணப்பத்தை அப்படியே படி. வார்டுல யாராவது கூப்பிட்டா பொறுக்கச் சொல்லு."

இணைத்தாள். எதிரே மௌனம். காத்திருக்கவில்லை. முந்திக்கொண்டு, வந்தனம் சொல்லும் வரியைத் தட்டினாள். இருபத்தைந்தாம் எண்ணுக்கு உயிர் வந்தது. யாரிடமிருந்து என்று சொன்னாள், சரி என்றது. யாருக்கு என்று சொன்னாள். அதில் ஓர் எழுத்து மாறிவிட்டது, புரியவில்லை என்றது. மறுபடி தட்டினாள். சரி என்றது. கடிதத்தைச் சொல் என்றது.

"என் மகளுக்கு நாலு வயசு ஆகுது," என்று போனில் படித்த தங்கையின் குரல் நின்றது.

"அழாதே, அப்புறம் அழலாம். நாலே முக்கால் ஆச்சு. அடுத்த வரி."

"கண்காணிப்பாளர் வர்றார்மா," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த முத்திரைக்காரர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஜன்னலை மூடுகிற நேரத்தில் யாராவது ஓடிவருவதை முப்பத்தொரு வருஷம் பார்த்தவர். எழுந்து போய், இந்த வார வருகைப் பதிவேட்டில் 587-இன் கையெழுத்து 993-இன் கையெழுத்தைப் போலவே இருக்கிறதே என்று கண்காணிப்பாளரிடம் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். அது பத்து நிமிஷம் தாங்கியது.

கடிதம் முடிந்தது என்று சர்வருக்குச் சொல்ல ஒரே வழிதான். தனி வரியில், தனியாக, ஒரே ஒரு புள்ளி. அதைத் தட்டினாள். நாலு ஐம்பத்தெட்டு. 'பெற்றுக்கொண்டேன்' என்றது இருபத்தைந்து. விண்ணப்பம் எண் முந்நூற்றுப் பன்னிரண்டு.

தேர்வுக் குழு அடுத்த வாரம் கூடியது. போட்டியில்லாத தேர்வு தேர்வே அல்ல என்பது விதி. ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று பேராவது வேண்டும். எந்த இடம் என்று குறிப்பிடாத முந்நூற்றுப் பதினொரு பேரையும் எல்லா இடங்களுக்கும் பிரித்துப் போட்டார்கள். குழந்தைகள் மருத்துவமனை நர்ஸ் இடத்துக்கு மூவர் வந்தார்கள்: தைலம், பரிசுச் சீட்டு, தங்கை. பரிசுச் சீட்டு, 'நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டீர்கள்' என்று எழுதியிருந்தது. "நம்மளைத் தேர்ந்தெடுக்க இவன் யாரு?" என்று இயக்குநர் அதைத் தள்ளினார். மீதி இரண்டில் பணிமூப்பு பார்த்தார்கள். தங்கைக்கு ஆறு வருஷம். தைலத்துக்கு இருபத்தைந்து.

தைலத்துக்கு நியமன ஆணை போயிற்று. உடனே, 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி! இலவச மாதிரி மூன்று நாளில் உங்கள் வாசலில்' என்று தானியங்கிப் பதில் வந்தது. இவ்வளவு சீக்கிரம் பணியேற்க ஒத்துக்கொண்டவர் இயக்கக வரலாற்றிலேயே இல்லை என்று குறிப்பெழுதி, மருத்துவமனை முகவரியைக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு புட்டி வந்து சேர்ந்தது.

தலைமை நர்ஸ் போன் செய்தாள். "சார், நீங்க போட்ட ஆளு வந்திருக்கு. எங்க வெக்கறது?"

"அவருக்குன்னு ஒரு மேசை இருக்குமே?"

"இருக்கு சார். ஆனா இது ஊசி போடாதே!"

"புதுசா வந்தவர். உடனே குறை சொல்லாதீங்க."

குறை ஒரு வாரத்தில் நாலு கடிதமாக வளர்ந்தது. ஒரு ஊழியர் பணியில் இருந்தும் பணி செய்ய இயலாத நிலையில் பதிலாள் போடலாம் என்று ஒரு விதி இருப்பதை முத்திரைக்காரர் பழைய புத்தகத்தில் கண்டெடுத்துக் கொடுத்தார். பட்டியலில் அடுத்தவள் தங்கை. இப்படியாக, மாண்புமிகு கூந்தல் தைலத்தின் பதிலாளாக அவள் இந்த ஊருக்கு மாற்றப்பட்டாள். வருகைப் பதிவேட்டில் தைலத்தின் வரியில், 'சார்பாக' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். புட்டி தீர்ந்தால் இடம் காலி. அப்புறம் அது அவளுக்கே. இயக்குநர் இப்போதெல்லாம் வாரம் இரண்டு முறை அந்த மருத்துவமனைக்கு ஆய்வுக்கு வருகிறார். ஒவ்வோர் ஆய்வுக்குப் பிறகும் புட்டியில் ஒரு விரல் அளவு குறைகிறது. அவர் தலையில் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

தங்கை வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்வரம்மா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். வாசலில் பெட்டியோடு தங்கை. உள்ளே, கூடத்தின் நடுவில், கையில் பாதி பிஸ்கட்டோடு குழந்தை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். தங்கையின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. குழந்தை தலையைச் சாய்த்துப் பார்த்தது. போனுக்கு வெளியே இந்த முகம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அது எதிர்பார்க்கவில்லை போலும். சர்வரம்மா, பழக்க தோஷம், மனசுக்குள் நொடிகளை எண்ண ஆரம்பித்தாள். பத்து. இருபது. முப்பது.

குழந்தை பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டது.

"எவ்ளோ நேரம் அங்கயே நிப்ப?" என்றது. "வா. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."